தீர்த்தகிரி மீறிய வாக்கு

"எனக்கு வாக்குக் குடுத்தீங்க, வாத்தியாரே. அதை ஏனுங்க மீறுனீங்க?"

இருபத்தேழு வருஷமாகச் சென்னியப்பன் தொண்டையில் சிக்கிக் கிடந்த கேள்வி. கேட்டு முடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. அவர் வந்த காரியம் வேறு.

தீர்த்தகிரி நிமிரவில்லை. சங்ககிரி ரோட்டு ஷெட்டில் கம்ப்ரஸர் வால்வு ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கண்ணா. டீ சொல்லட்டுங்களா?"

குரு சிஷ்யனை அண்ணா என்கிறாரே என்று திகைக்க வேண்டாம். தீர்த்தகிரி மூன்று வயது இளையவர். ஆனால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியைச் சென்னியப்பனுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். திருச்செங்கோட்டில் வயதைப் பார்த்து யாரையும் வாத்தியார் ஆக்குவதில்லை.

"டீ கெடக்கட்டுங்க. பட்டறையே போகப்போகுது."

"சொல்லுங்க."

சொன்னார். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் ரிக் ஒன்றில், துளை போடும் ராடைக் கவ்விப் பிடிக்கும் தாடை இருக்கிறது. அதற்கு அந்தக் கம்பெனி 2009-இல் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறது. சென்னியப்பன் பட்டறையில் பத்து வருஷமாகச் செய்து விற்கிற ரிக்கிலும் அதே தாடை. வழக்குப் போட்டுவிட்டார்கள். தோற்றால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். நூற்று நாற்பது குடும்பம் அதை நம்பி இருக்கிறது.

"அது நம்ம தாடையாச்சே," என்றார் தீர்த்தகிரி.

"அதையேதான் மெட்ராஸ் வக்கீல்கிட்டச் சொன்னேன். தொண்ணூத்தெட்டுலயே எங்ககிட்ட இருந்துச்சுங்க, ஒரு ஈ காக்காய்க்குக் காட்டுனதில்லை, பெட்டி போட்டு மூடித்தான் ஓட்டுனேன்னு பெருமையாச் சொன்னேன்."

"அப்புறம்?"

"தலையில அடிச்சுக்கிட்டாரு. ஒளிச்சு வெச்சிருந்தாச் செல்லாதாமுங்க. அவங்க காப்புரிமைக்கு முந்தியே நாலு பேரு பாக்கற மாதிரி வெளியில ஓடியிருக்கோணுமாம். 'யாராச்சும் காப்பியடிச்சாங்களா?'ன்னாரு. ஒருத்தன் திருடுனான்னேன். 'அவரு கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க'ங்கறாரு."

தீர்த்தகிரி கடகடவென்று சிரித்தார்.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! மனசு பிடுங்கிக்கொண்டு, அந்தக் காலத்தில் போர் போடப் போன ஆந்திரத்து அனந்தப்பூருக்கு ஓடிவிட்டது.

தொண்ணூற்றேழு. கப்பலில் வந்திறங்கிய பழைய ரிக் ஒன்றை இருவரும் கூட்டாக வாங்கியிருந்தார்கள். கூட வந்த புத்தகம் என்ன பாஷையோ தெரியாது. படத்தைப் பார்த்தே தீர்த்தகிரி ஓட்டப் பழகினார், பிறகு சென்னியப்பனைப் பழக்கினார். பகலெல்லாம் பாறைப் புழுதி. மாவு மில்லில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். வண்டியடியில்தான் சமையல். தீர்த்தகிரி வைக்கிற பருப்பில் ஒரு நாளும் உப்புச் சரியாக இருந்ததில்லை.

முந்நூறு அடியில் தண்ணீர் பீறிட்டால் ஊரே ஓடிவந்து நனையும். இவர்களும் சட்டையோடு நின்று நனைவார்கள். அந்தச் சந்தோஷம் பிறகு சென்னியப்பனுக்கு வாய்க்கவேயில்லை. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, உப்பில்லாத அந்தப் பருப்புக்காக ஏங்கியிருக்கிறார்.

ஒரு ராடு பூமிக்குள் இறங்கியதும் அடுத்ததை மாட்ட வேண்டும். மாட்டி முடிக்கிறவரை, இறங்கிய ராடை ஒருவன் ஸ்பேனர் போட்டுக் கையால் பிடித்திருக்க வேண்டும். வழுக்கினால் விரல் போகும். தீர்த்தகிரி பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித் தாடை செய்தார். ராடு தன் பாரத்தாலேயே அதில் இறுகி நின்றது. கை கிட்டவே போக வேண்டியதில்லை.

சென்னியப்பனுக்கு அன்றைக்கே வியாபார மூளை. தாடையைச் சுற்றி இரும்புப் பெட்டி பற்றவைத்துப் பூட்டுப் போட்டார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். தொண்ணூற்றெட்டுச் சித்திரையில் வாத்தியாரிடம் வாக்கும் வாங்கினார், யாருக்கும் காட்டுவதில்லை என்று.

அதே வருஷம் கார்த்திகையில் தீர்த்தகிரி அதை அத்தியப்பனுக்குக் காட்டிவிட்டார். அத்தியப்பன் இன்னொரு ரிக்கில் வேலை பார்த்தவர், பிறகு சொந்தமாக வண்டி வாங்கியவர். அதில் தாடையை மாட்டிப் பெட்டியும் கிட்டியும் இல்லாமல் வெட்டவெளியில் ஓட்டினார்.

அன்றோடு கூட்டு முறிந்தது.

"அத்தியப்பன் எனக்காகச் சாட்சி சொல்லுவானுங்களா?" என்றார் சென்னியப்பன். "நான் அவனைப் பந்தியில இருந்து எழுப்பிவிட்டவன்."

ஒரு கல்யாண வீடு அது. திருட்டுப் பயலுக்கு யார் இலை போட்டது என்று கத்தி, பாதிச் சாப்பாட்டில் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எதை மறந்தாலும் அந்தப் பக்கத்தில் இதை மறக்க மாட்டார்கள்.

"ஏனுங்க காட்டுனீங்க? அதையாவது சொல்லுங்க."

தீர்த்தகிரி சோப்புப் போட்டுக் கை கழுவினார். மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறுங்க."

சென்னியப்பனின் பெரிய கார் ஷெட் வாசலிலேயே நின்றது.

அத்தியப்பன் வீட்டு முன்னால் ரிக்குக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கண்ணா."

வந்த விஷயத்தைச் சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அத்தியப்பன் உள்ளே போய் ஒரு போட்டோ கொண்டுவந்தார். தொண்ணூற்றொன்பது ஆயுத பூஜை. மாலை போட்ட ரிக், சந்தனம் வைத்த தாடை, மூலையில் ஸ்டுடியோக்காரர் அச்சடித்த தேதி.

"இது ஆகுங்களா?"

"ஆகும் அத்தியப்பா. நீயும் வந்து ஒரு வார்த்தை சொல்லோணும். நீ திருடலை, வாத்தியார் காட்டித்தான் செஞ்சேன்னு நானே எழுதிக் குடுக்கறேன்."

"சொல்றேனுங்க. அதுக்கென்ன."

அவ்வளவுதான். இத்தனை சுலபமாக முடியும் என்று சென்னியப்பன் நினைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்த சாட்சிப் பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்தார்.

"கையெழுத்து வராதுங்க. ரேகைதான்."

பையில் மைப்பெட்டியும் இருந்தது. திறந்து வைத்தார். ஆணுக்கு இடது பெருவிரல் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அத்தியப்பன் இடது கையை நீட்டினார்.

பெருவிரல் இல்லை. அடியோடு மழுங்கியிருந்தது.

விரல் குறைந்த கை அந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமில்லை. சென்னியப்பனும் இதைப் பத்து தடவையாவது பார்த்திருப்பார். இன்றைக்குத்தான் கேட்டார்.

"இது எப்பப்பா?"

"தொண்ணூத்தெட்டு ஐப்பசிங்க. ராடைப் புடிச்சிருக்கறப்ப ஸ்பேனர் வழுக்கிருச்சு. அனந்தப்பூர்ல உங்க வண்டிக்குப் பக்கத்துக் காட்டுலதான் எங்க வண்டி ஓடிட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் உங்க ஜீப்பக் குடுத்து அனுப்புனீங்க. அதை நான் மறக்கலைங்கண்ணா."

சென்னியப்பனுக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. ஜீப் சீட்டில் கறை இருந்ததும், அதற்காக டிரைவரைத் திட்டியதும்கூட வந்தது.

சித்திரை. ஐப்பசி. கார்த்திகை.

தீர்த்தகிரியைப் பார்த்தார். அவர் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தியப்பன் கையை மைப்பெட்டிக்கு மேலேயே வைத்திருந்தார். கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார்.

"வலது கைப் பெருவிரலை வெச்சாக் கோர்ட்டுல ஒத்துக்குவாங்களாண்ணா?"