வெள்ளைத்தாயின் கார்

வத்தலகுண்டைத் தாண்டி, கொடைக்கானல் மலைக்கு வண்டிகள் ஏறத் தொடங்கும் வளைவில் பிலோமினாவின் பட்டறை இருந்தது. இந்தக் கதையில் குரு அவர்தான்; குரு என்றதும் யாரும் தாடியைத் தேட வேண்டாம். பிலோமினாவுக்கு வயது முப்பத்தெட்டு. சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருப்பார். அவர் பேசுவதைவிட அவர் கையில் இருக்கும் ஸ்பேனர் அதிகம் பேசும்.

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயர் சின்னக்காளை. மஸ்கட்டில் பதினோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். கணக்கு முடித்து ஊர் திரும்ப நாற்பது நாள் இருக்கும்போது அவர் மனைவி வெள்ளைத்தாய் இறந்துபோனார்.

வெள்ளைத்தாய் விட்டுப்போனது ஒரு பழைய பெட்ரோல் கார். கணவன் ஊரில் இல்லாத காலத்தில் வாங்கியது. கணவன் ஊரில் இல்லாத காலத்தில் அவர் தானே ஓட்டக் கற்றுக்கொண்டது. தோட்டத்து மல்லிகையை மூட்டை கட்டி, தினமும் அதில்தான் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்.

காரில் ஒரே ஒரு குறை. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். ஆனால் நின்ற இடத்திலேயே, ஆக்சிலேட்டரில் கால் படாமலேயே, யாரோ மிதிப்பதுபோல் இரையும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் அந்த இரைச்சல் இறங்காது.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பானெட்டைத் திறந்த வேகத்தில் கார்புரேட்டரை மாற்றச் சொன்னார்கள். சின்னக்காளைக்கு மனைவி ஓட்டிய காரில் எதையும் மாற்ற மனசு வரவில்லை. நாலாவதாகப் பிலோமினாவிடம் வந்தார்.

"விட்டுட்டுப் போங்கண்ணே. பாத்து வைக்கிறேன்."

"இல்லம்மா. எனக்குக் கத்துக் குடுங்க. நானே சரி பண்ணணும்."

"எதுக்கு?"

"அவ இருந்தப்ப கூட இருந்து ஒண்ணும் செய்யல. அவ வண்டியவாச்சும் என் கையால சரி பண்ணிரணும்."

பிலோமினா காரின் பானெட்டைத் திறந்து காட்டினார்.

"காலையில எட்டு மணிக்கு வந்துருங்க. ஒரே ஒரு கண்டிஷன். இந்தா, கார்புரேட்டர் பக்கவாட்டுல இருக்கே, இந்த ஸ்க்ரூ. நான் சொல்ற வரைக்கும் இதுல கை வைக்கக் கூடாது."

"இதத் திருப்புனா என்ன ஆகும்?"

"இரைச்சல் இறங்கிரும்."

"அப்ப நிமிஷ வேலதானே?"

"ஆமா. அழுற பிள்ள வாயப் பொத்துறதும் நிமிஷ வேலதான்."

மறுநாளிலிருந்து சின்னக்காளை சீடரானார். தன்னைவிட இருபது வயது சின்னவரை வாத்தியாரம்மா என்று கூப்பிட அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. எண்பது அடி உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கியவருக்கு பானெட்டுக்குள் தலையை விடத்தான் தெரியவில்லை. முதல் நாளே நெற்றியில் இடித்துக்கொண்டார்.

முதலில் சோக் ஒயர். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூட்டிக் கொடுப்பது சோக். அது முழுசாகத் திரும்பாமல் மாட்டிக்கொண்டால் எஞ்சின் இரையும். சின்னக்காளை இழுத்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். ஒழுங்காகத் திரும்பியது.

"சோக்கு இல்ல வாத்தியாரம்மா."

"அப்ப வேற பாருங்க."

அடுத்தது ஆக்சிலேட்டர் கேபிள். இறுக்கமாக இல்லை. ஸ்பிரிங் வலுவாக இருந்தது. பிறகு ரப்பர் குழாய்கள். எங்காவது ஓட்டை விழுந்து காற்றை இழுத்தாலும் இரைச்சல் ஏறும். எஞ்சினை ஓடவிட்டு, குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கினார். சத்தம் மாறவில்லை. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங்கைச் சுற்றி சோப்புத் தண்ணீர் அடித்தார். அப்போதும் சத்தம் மாறவில்லை.

"எங்கேயும் காத்து இழுக்கல வாத்தியாரம்மா. எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்குன்னா சந்தோசந்தானே?"

"எல்லாம் நல்லா இருந்தா எதுக்கு இப்படிக் கெடந்து கத்துது?"

"அதத்தான் நீங்க கண்டுபிடிக்கணும்."

எஞ்சினைக் கிளப்ப ஒவ்வொரு முறையும் அவர் ஓட்டுநர் சீட்டில் ஏறுவார். வெள்ளைத்தாய் உயரம் குறைவு. சீட் முன்னால் தள்ளியிருந்தது. சின்னக்காளையின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்காருவார்.

"சீட்டப் பின்னாடி தள்ளிக்கலாம்ல அண்ணே?"

"இருக்கட்டும்மா."



ஒரு நாள் மதியம் சின்னக்காளை டிக்கியைத் திறந்துவைத்து நின்றார். ஓரத்து மடிப்பில் காய்ந்த மல்லிகை மொட்டுகள் பழுப்பாகக் கிடந்தன.

"பதினோரு வருசம் அவ எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியாதும்மா. போன்ல நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. நானும் நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். அவ்வளவுதான் பேச்சு. இப்ப உக்காந்து எல்லாத்தையும் கேக்கணும்போல இருக்கு. இன்னைக்கு யாரு என்ன ஏசுனா, எங்க வண்டி நின்னுச்சு, யாரு தள்ளிவிட்டான்னு, ஒண்ணு விடாம கேக்கணும்."

பிலோமினா ஒரு சின்னக் கிண்ணத்தில் பெட்ரோலும் ஒரு பிரஷ்ஷும் கொண்டுவந்து கொடுத்தார்.

"கார்புரேட்டர் மேல இருக்கற அழுக்க எல்லாம் கழுவுங்கண்ணே."

பல வருஷத்து எண்ணெயும் புழுதியும் அப்பியிருந்தன. சின்னக்காளை பொறுமையாகக் கழுவினார். தொடக் கூடாது என்று சொன்ன ஸ்க்ரூவுக்கு வந்ததும் பிரஷ்ஷை மெதுவாக விட்டார். அழுக்கு கரைந்து, ஸ்க்ரூவின் தலையோரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. பெட்ரோல் பட்டும் அது போகவில்லை.

"வாத்தியாரம்மா, இங்க வந்து பாருங்க."

பிலோமினா குனிந்து பார்த்தார்.

"நகப்பாலிஷ்ணே. ஸ்க்ரூ அதிர்வுல தானா சுத்திராம இருக்க இப்படி வைப்பாங்க. நாங்க பெயிண்ட் வைப்போம்."

"அப்ப இது..."

"பட்டறையில வச்சது இல்ல."

"அவ நகத்துல பூசி நான் பாத்ததே இல்லயேம்மா."

பிலோமினா ஸ்க்ரூவின் மரைகளை எண்ணினார். "ரெண்டு சுத்து உள்ள போயிருக்கு. இரைச்சல வேணும்னேதான் ஏத்தி வச்சிருக்காங்க. ஒரு தடவ வச்சதோட சரி. அதுக்கப்புறம் யாரும் தொடல."

"பெட்ரோல் குடிக்கும், காது அடைக்கும். எதுக்கு வேணும்னே ஏத்தி வைக்கணும்?"

பிலோமினா துணியில் கையைத் துடைத்தார். வேலை முடிந்து நின்ற வேறொரு காரின் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வெளிய மலை ரோட்டு ஏத்தத்துல கொண்டுபோய் நிறுத்துங்க."

சின்னக்காளை நிறுத்தினார். பிலோமினா பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

"இப்ப நீங்க கிரேன் ஓட்டுனவர் இல்ல. ஓட்டக் கத்து ஒரு வாரம்தான் ஆகுது. முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு லாரி. பிரேக்க விட்டா பின்னால உருண்டுருவோம்னு பயம். அதனால பிரேக்குல இருந்து கால எடுக்கக் கூடாது. கிளட்ச்ச மட்டும் விட்டு வண்டிய எடுங்க."

எடுத்தார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது.

"இன்னொரு தடவ."

மறுபடியும் அணைந்தது. மூன்றாம் முறையும் அணைந்தது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அடித்து, தலையை வெளியே நீட்டி ஏதோ சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார். சின்னக்காளையின் காது சிவந்தது.

"இப்ப உங்க வண்டியக் கொண்டாங்க."

அதே ஏற்றம். அதே இடம். பக்கத்து சீட்டில் பிலோமினா. சின்னக்காளை முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பிரேக்கில் கால். கிளட்ச்சை மெதுவாக விட்டார். இரைச்சல் தணிந்தது, கார் நடுங்கியது, ஆனால் அணையவில்லை. முன்பக்கம் லேசாக எழும்பியது. அவர் பிரேக்கை விட்டார். ஒரு சாண்கூடப் பின்னால் போகாமல் கார் மேலே ஏறியது.

ஏற்றத்தின் உச்சியில் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். 

"பூ மார்க்கெட் வாசல்ல ஒரு ஏத்தம் இருக்கும்மா. விடியக்காலையில வரிசையில வண்டி நிக்கும்."

"ம்."

"ஒரே ஒரு தடவ போன்ல எங்கிட்ட கேட்டா. ஏத்தத்துல நிறுத்தி எடுத்தா வண்டி அணைஞ்சு போகுது, பின்னாடி உள்ள ஆளுக ஏசுறாங்க, நான் என்னங்க செய்யன்னு கேட்டா. டூட்டியில இருந்தேன். அப்புறமா சொல்றேன்னு வச்சுட்டேன்."

"சொன்னீங்களா?"

"மறந்துபோச்சு. அவளும் மறுபடி கேக்கவே இல்ல."

மலையிலிருந்து ஒரு பஸ் இறங்கி அவர்களைக் கடந்து போனது. சின்னக்காளை தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். 

"அவளப் பாக்கணும்மா. ஒரே ஒரு தடவ. என்னோட பதிலுக்காக எத்தன நாளு அந்த ஏத்தத்துல காத்துக்கிட்டு நின்னாளோன்னு கேக்கணும்."

பிலோமினா கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். கார் கிளம்பி, யாரும் மிதிக்காமலே இரைந்தது.

"அண்ணி காத்துக்கிட்டு நிக்கலண்ணே. ஏறிப் போயிட்டாங்க."