நடுவில் நின்ற பட்டை

“இந்தா, மறைஞ்சிட்டுல்லா!”

ஏணியின் உச்சியில் நின்றபடி பொன்னுலிங்கம் கத்தினார். நாற்பதடி அகலத் திரையின் நடுவே வெளிறித் தெரிந்த பட்டையின்மேல் கருப்பு ஃபிளெக்ஸ் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் பிடித்திருந்தார்.

கீழே, உப்பளத் தொழிலாளர் நாடகக் குழுவின் முத்தரசி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“மறைஞ்சுது. இப்ப அந்த இடத்துல கருப்பா ஒரு கம்பம் நிக்கி. இதுக்கு வெள்ளைக் கம்பமே தேவலை. சரி, அடுத்த காட்சி மத்தியான வெயில். அப்ப இதை என்ன செய்விய?”

பொன்னுலிங்கம் பட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

“ஆறரைக்கு ஆட்டம், அண்ணாச்சி. முதல் காட்சி காலைல மூணு மணி. இருட்டுக்குள்ள அளத்துக்கு நடந்து போறோம். நடுவுல இப்படி மின்கம்பம் நட்டு வச்சா சனம் சிரிக்கும். ஆறு மணி வரைக்கும் பாப்பேன். போகலைன்னா படமே வேண்டாம். எங்க பழைய நீலத் துணியைக் கட்டிக்கிடுதோம்.”

“போகும், போகும். நீ போய் வேஷத்தைக் கட்டு.”

அவர் தனியாக எடுத்த முதல் வேலை அது. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் ஃபிளெக்ஸ் பேனர் அடித்தவர். எட்டு மாதமாக ஹசீனா டீச்சரிடம் திரைவேலை கற்கிறார். டீச்சருக்கு முப்பத்து நாலு. பள்ளிக்கூடங்கள் கழித்துப் போட்ட புரொஜெக்டர்களில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக விரிப்பது அவர் வித்தை. எல்.இ.டி. சுவருக்கு வாடகை கொடுக்க முடியாதவர்கள் அவரிடம் வந்தார்கள்.

இன்று டீச்சர் பார்வையாளர். கடைசி வரிசையில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு படமும் நடுவில் நாலடி ஒன்றன்மேல் ஒன்று விழும். அங்கே வெளிச்சம் இரட்டிக்காதபடி பொன்னுலிங்கம் இரண்டையும் ஓரத்தில் மங்க வைத்திருந்தார். பகல் காட்சிகளில் ஒட்டு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. இருட்டுக் காட்சி வந்ததும்தான் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழுந்து நின்றது.

“டீச்சர், இதை எப்படிக் கருப்பாக்குறது?”

“பேனர்ல ஒட்டு தெரிஞ்சா என்ன செய்வீங்க?”

“மேல மையை ஏத்துவேன். கருப்பு ரெண்டு ஓட்டு ஓடிட்டுன்னா ஒட்டின எனக்கே ஒட்டு தெரியாது.”

“ஏத்துங்க.”

“ஏறமாட்டேங்குதே! இந்தப் பெட்டியில இருக்கிற கருப்பு இவ்வளவுதான்.”

டீச்சர் எழுந்து வந்தார். மண்டபக் கதவுகளை அடைக்கச் சொன்னார். படத்தை எடுத்துவிட்டார்.

“திரையில என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை. கருப்பு.”

பொன்னுலிங்கத்தின் சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்து டீச்சர் இடது புரொஜெக்டருக்கு முன்னால் பிடித்தார். திரையின் இடப்பக்கம் கிணறு மாதிரி இருண்டது. பட்டை வலப்பக்கத்து இருட்டோடு ஒன்றாகிக் காணாமல் போனது. மூடியை எடுத்தார். இடப்பக்கம் வெளிறியது. பட்டை திரும்பி வந்தது.

“இன்னொரு தடவை காட்டுங்க,” என்றார் பொன்னுலிங்கம்.

காட்டினார். மூடியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடலைக்குத் திரும்பிப் போனார்.

பொன்னுலிங்கம் தானே மூன்று தடவை மூடித் திறந்து பார்த்தார். பெட்டி கருப்பென்று காட்டும்போதும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது; நடுவில் மட்டும் அது இரட்டை. பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கருப்பை வெளுக்கக் கை வரவில்லை. ஊரில் கருப்பு என்றால் பொன்னுலிங்கம் கருப்பு. கல்யாணப் பேனரோ கண்ணீர் அஞ்சலியோ, கருப்பு வெளுத்ததாக ஒருவரும் சொன்னது கிடையாது.

மணி ஐந்தே முக்கால்.

பட்டையை விட்டுவிட்டார். அதன் இரண்டு பக்கத்து இருட்டிலும் நூலளவு வெளிச்சம் கூட்டினார். இன்னும் ஒரு நூல். இன்னும் ஒன்று. பட்டை அமிழ்ந்தது. கூடவே கருப்பும் போனது. நாற்பதடியும் ஒரே மெல்லிய சாம்பல்.

தலையில் சும்மாட்டோடு முத்தரசி உள்ளே வந்தாள். நின்றாள். திரையைவிட்டு அவள் கண் நகரவில்லை.

“நீங்க எப்ப வந்து பாத்திய?”

“எதை?”

“மூணு மணிக்கு அளத்தை. உப்பு கிடக்கிற இடத்துல இருட்டு இப்படித்தான இருக்கும்.” வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏட்டி, நீலத் துணியை மடிச்சு வைங்க!”

ஆறரைக்கு மண்டபம் நிறைந்தது. எட்டுப் பெண்கள் கூடைகளோடு திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை மட்டும், “அம்மா, அங்க குளிருமா?” என்று கேட்டது.

பொன்னுலிங்கம் குனிந்தபடி கடைசி வரிசைக்கு வந்தார். நடுவில் கண்ணை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

“டீச்சர், அந்தப் பட்டை எங்க போச்சு?”

“எங்கயும் போகலை, அண்ணாச்சி. அங்கேயேதான் நிக்குது.”

காலி நாற்காலி ஒன்றும் இல்லை. பொன்னுலிங்கம் கக்கத்தில் இருந்த ஃபிளெக்ஸ் பட்டையை எடுத்து நாலாக மடித்துத் தரையில் போட்டார். அதன்மேல் உட்கார்ந்தார்.