பின்னால் வரும் வண்டி

“சாமி, எத்தனை வருசமா ஒங்களையே பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் ஒண்ணும் கிடைக்கலையே” என்றார் கோமதிநாயகம்.

சாமி வெண்டைச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன கிடைக்கணும் அண்ணாச்சி?”

“அதுதான் தெரியலை. தெரிஞ்சா நானே தேடி எடுத்துக்கிட மாட்டேனா?”

கோமதிநாயகம் பாத்திரக்கடைக்காரர். கடையை மனைவி ஆவுடையம்மாள் தலையில் கட்டிவிட்டு ஞானத்தைப் பிடிக்கக் கிளம்பியவர். பொழுது விடிந்தால் சாமியின் தோட்டத்துக்கு வந்துவிடுவார். சாமி உட்கார்ந்தால் எதிரே உட்காருவார். சாமி நடந்தால் கூடவே நடப்பார். சாமி தும்மினால் அதற்கும் ஓர் அர்த்தம் தேடுவார்.

சாமிக்கு அவரைவிட வயது குறைவு. அதனால்தான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார். அதிலும் ஏதோ சூட்சுமம் இருப்பதாக நாயகத்துக்கு நினைப்பு.

சாமி வாளியைக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை மலைக்குப் போவோம். காட்டுக்குள்ள வண்டி ஓட்ட விடுதாகளாம். நாலு சக்கரம் வச்ச பைக்கு. ஏடிவின்னு சொல்லுதாக.”

நாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் மற்ற சாமிமார்கள் சீடர்களைக் காசிக்குக் கூட்டிப் போகிறார்கள். இவர் பெட்ரோல் வண்டி ஓட்டக் கூப்பிடுகிறார்.

“அங்க போய்த் தியானமா சாமி?”

“இல்ல. ஓட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

சாமிக்கு ஆசையாம்.

“வீட்ல அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”

“அவ எதுக்கு சாமி? அவளுக்கு இதுலெல்லாம் நாட்டமே கிடையாது.”

“கேட்டீகளா?”

கேட்டதில்லை. வீட்டில் எதையுமே கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.



மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டம். கவனிப்பார் இல்லாமல் கிடந்து காடாகவே ஆகிவிட்டது. பழைய ஜீப் பாதைகள் மட்டும் மிச்சம். அவற்றில்தான் வண்டி ஓட்டக் கூட்டிப் போகிறார்கள்.

வழிகாட்டி செல்வின் சிரித்த முகமாய் இருந்தார். தொப்பையில் நாயகத்துக்குக் கொஞ்சமும் சளைத்தவர் இல்லை.

ஆளுக்கு ஒரு வண்டி. செல்வின் வண்டியில் மட்டும் பின்னால் நீளக் கம்பி நட்டு, அதன் உச்சியில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டியிருந்தது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, ஹெல்மெட், தூசிக் கண்ணாடி, வாயையும் மூக்கையும் மூடிக் கட்ட ஒரு துண்டு. கட்டி முடித்தபோது யார் யாரென்றே தெரியவில்லை.

“என்னங்க, எப்படி இருக்கேன்? கொள்ளைக்காரி மாதிரி இல்ல?” என்று ஆவுடையம்மாள் சிரித்தாள்.

நாயகம் சாமிக்குத் துண்டு கட்டிவிடுவதில் மும்முரமாக இருந்தார்.

செல்வின் கையைத் தட்டினார்.

“இங்க சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். முன்னால போற வண்டியையே பாத்துக்கிட்டுப் போயிராதீக. ஒவ்வொருத்தரும் தனக்குப் பின்னால வார வண்டிக்குப் பொறுப்பு. வளைவு வந்தா, பாதை பிரிஞ்சா, நிக்கணும். திரும்பிப் பாக்கணும். பின்னால வார ஆளு கண்ணுல பட்டா, முன்னால இருக்கிறவருக்குக் கையைத் தூக்கிக் காட்டணும். அப்புறந்தான் நகரணும்.”

“முன்னால போனவுகளைக் காணலைன்னா?” என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

“அந்த எடத்துலயே எஞ்சினை அமத்திட்டு நில்லுங்கம்மா. தேடிக்கிட்டுப் போயிராதீக. கீழ்ப்பக்கம் ஆனை நடமாட்டம் இருக்கு. ஒங்களைத் தேடி ஆளு திரும்பி வரும்.”

“யாரு வருவா?”

“ஒங்களுக்கு முன்னால போறவரு.”

ஆவுடையம்மாள் தனக்கு முன்னால் போகப்போகிறவரைப் பார்த்தாள். அவர் சாமியின் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீங்களும் தேடி வருவீகள்ல?” என்றாள் செல்வினிடம்.

“வராம இருப்பனாம்மா?”

முதலில் செல்வின். அவருக்குப் பின்னால் சாமி. அடுத்து நாயகம். கடைசியாக ஆவுடையம்மாள்.

கிளம்பும்போது அவள் ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் சரியாக விழவில்லை. நாயகம் “உம்” என்று வைத்தார். அதற்குள் சாமியின் வண்டி நகர்ந்துவிட்டது.



மூங்கிலும் முட்செடியும் இரண்டு பக்கமும் உரசின. சேறு முகத்தில் அடித்தது. கல்லில் ஏறி இறங்கும்போது குடல் தொண்டைக்கு வந்துவிட்டுப் போனது.

சாமி முன்னால் கூச்சல் போட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நாயகத்துக்கு அதுவே பெரிய அதிர்ச்சி. அவர் சாமியின் முதுகையே பிடித்துக்கொண்டு போனார்.

முதல் வளைவில் சாமி வண்டியை நிறுத்தினார். திரும்பி நாயகத்தைப் பார்த்தார்.

நாயகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடத்தில் சாமி தானாகத் திரும்பி அவரைப் பார்த்ததே இல்லை. அவசர அவசரமாகக் கையைத் தூக்கினார்.

அடுத்த வளைவிலும் சாமி திரும்பிப் பார்த்தார். அதற்கடுத்த வளைவிலும் பார்த்தார்.

நாயகத்துக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. கிடைத்துவிட்டது, இதற்காகத்தானே காத்திருந்தோம் என்று நெஞ்சு விம்மியது.

இடிந்த ஏலக்காய்க் கொட்டகை ஒன்று வந்தது. அங்கே பாதை மூன்றாகப் பிரிந்தது. நேரே ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று.

சாமி நேர்ப்பாதையில் நின்று, உடம்பை முழுக்கத் திருப்பி, நாயகத்தையே பார்த்தபடி இருந்தார். நாயகத்தின் கை எழும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாயகம் கையைத் தூக்கினார். பின்னால் திரும்பவில்லை. திரும்பினால் அந்தப் பார்வை அறுந்துவிடுமே என்று பயம்.

சாமி தலையசைத்துவிட்டு வண்டியை விட்டார்.



ஓடைக்கரையில் செல்வின் நிறுத்தினார். சாமி தண்ணீர் ஓரமாக நிறுத்தினார். சாமியின் பக்கத்தில்தான் நிற்பேன் என்று நாயகம் ஒதுங்கப் போய், வண்டியோடு ஓடைக்குள் இறங்கிவிட்டார். எஞ்சின் தண்ணீர் குடித்து அடங்கியது.

இடுப்புவரை நனைந்து, முகமெல்லாம் சேறாகக் கரையேறினார். சாமி சிரித்தார். நாயகமும் சிரித்தார்.

செல்வின் சிரிக்கவில்லை.

“அம்மா எங்க?”

நாயகம் திரும்பிப் பார்த்தார். பாதையில் யாரும் இல்லை.

“வந்துக்கிட்டு இருப்பா.”

காத்திருந்தார்கள். காட்டில் எந்த வண்டிச் சத்தமும் இல்லை.

“கடைசியா எங்க வச்சுப் பாத்தீக?”

நாயகம் யோசித்தார். முதல் வளைவை யோசித்தார். இரண்டாவது வளைவை யோசித்தார். கொட்டகையை யோசித்தார். எல்லா இடத்திலும் சாமியின் முகம்தான் இருந்தது.

“கிளம்பும்போது” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது.

“கொட்டகைகிட்ட கையைத் தூக்குனீகளே” என்றார் சாமி.

“தூக்குனேன்.”

“பாத்துட்டா தூக்குனீக?”

நாயகம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே போட்டார். அப்படியே சாமியின் காலில் விழுந்தார்.

“சாமி, நீங்கதான் கண்ணை மூடிப் பாத்து அவ இருக்கிற எடத்தைச் சொல்லணும்.”

“எனக்குப் பின்னால நீங்க வந்தீக அண்ணாச்சி. ஒங்களைத்தான் நான் பாத்தேன்.”

சொல்லிவிட்டு, கீழே உருண்டு கிடந்த ஹெல்மெட்டை எடுத்து நாயகத்தின் தலையில் வைத்தார். வாரை இழுத்து மாட்டினார். கண்ணாடியை இறக்கிவிட்டார்.

செல்வின் தயங்கினார். “அண்ணாச்சி இங்கயே இருக்கட்டும் சாமி. இவுகளையும் தொலைச்சிட்டா நான் என்ன செய்வேன்?”

“அவுக போகட்டும்.”

செல்வின் கொடி வண்டியைக் காட்டினார். “அப்ப என் வண்டியை எடுங்க. கொடி இருக்கு, எங்க போனாலும் நான் கண்டுபிடிச்சிருவேன். நான் சாமி வண்டியில வாரேன், சாமி இங்கயே இருக்கட்டும்.”



கொட்டகை அருகே கல் தரை. சக்கரத் தடம் ஒன்றும் பதியவில்லை. கீழ்ப்பாதையின் வாயில் யானைச் சாணம் கிடந்தது. செல்வின் இறங்கித் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

செல்வின் மறுபடி வண்டியில் ஏறினார்.

“கீழே நான் போறேன். நீங்க மேலே போங்க. பாறை வரைக்குந்தான் பாதை. அம்மா இருந்தா ஓடைக்குக் கூட்டிட்டு வந்திருங்க. இல்லைன்னாலும் வந்திருங்க.”

நாயகம் மேலே போனார்.

சாமியின் ஞாபகமே வரவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை. கிளம்பும்போது அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மெதுவாகப் போங்க என்றாளா, பயமாக இருக்கிறது என்றாளா. காலையில் வீட்டில் எந்த நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று யோசித்தார். அதுவும் வரவில்லை. அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தது என்றைக்கு என்று யோசித்தார்.

ஒரு நாளும் பிடிபடவில்லை. துண்டுக்குள்ளேயே அழுதார்.

கீழே எங்கோ மூங்கில் முறிபடும் சத்தம் கேட்டது.

பாறை தெரிந்தது. பாறையடியில் ஒரு வண்டி. வண்டிமேல் ஆவுடையம்மாள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். எஞ்சினை அமர்த்தியிருந்தாள். சொன்னபடியே நின்ற இடத்தில் நின்றிருந்தாள்.

நாயகம் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அவள் முகம் மலர்ந்தது. கொடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“வந்துட்டீகளா தம்பி. நீங்க வருவீகன்னுதான் அசையாம இருந்தேன்.”

நாயகம் எஞ்சினை அமர்த்தினார்.

“அவுக பத்திரமாப் போய்ச் சேந்துட்டாகளா?” என்றாள். “தண்ணியில எறங்குனா அவுகளுக்குக் காலு நடுங்கும். நான் பின்னால இருந்து பாத்துக்கிட்டேதான் வந்தேன். அந்தப் பாழாப்போன பிரிவுல எப்படியோ கண்ணை விட்டு மறைஞ்சிட்டாக.”

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவுககிட்ட நான் தொலைஞ்சதைச் சொல்லிராதீக தம்பி. சாமி பக்கத்துல நிம்மதியா உக்காந்திருப்பாக. என்னால அது கெட வேண்டாம்.”

ஹெல்மெட்டைக் கழற்ற நாயகத்தின் கை போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. இந்த முகத்தை அவளுக்கு எப்படிக் காட்டுவது.

அந்தக் கையாலேயே வாங்க என்று சைகை காட்டினார்.

வண்டியைத் திருப்பினார். முதல் வளைவில் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். சேறும் தூசியுமாக அவள் வண்டி தள்ளாடித் தள்ளாடி வருவது தெரிந்தது. கையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள்.

அடுத்த வளைவிலும் நின்றார். அதற்கடுத்ததிலும் நின்றார். கொட்டகை அருகே அவள் பக்கத்தில் வந்து சேரும்வரை இடத்தை விட்டு நகரவில்லை.



ஓடைக்கரையில் சாமி மட்டும் உட்கார்ந்திருந்தார். செல்வின் இன்னும் திரும்பவில்லை.

ஆவுடையம்மாள் இறங்கினாள். சாமியைக் கும்பிடக் கையைக் கூப்பினாள். கூப்பிய கை அப்படியே நின்றது.

ஓடை நடுவில் ஒரு வண்டி சரிந்து கிடந்தது. அதன்மேல் ஆள் இல்லை.

“அது அவுக வண்டிதான?” என்றாள். முகம் வெளிறிவிட்டது. “சாமி, அவுக எங்க? அவுகளுக்கு என்ன ஆச்சு?”

சாமி கையை நீட்டி, கொடி வண்டிக்குப் பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாமியிடம் திரும்பினாள்.

“இவுகளா? இருக்காது சாமி” என்றாள். “இந்தத் தம்பி வழி நெடுக என்னையத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுல்லா வந்துச்சு.”