பிரஷர் கேஜுக்கு ஒரு காவல்

“மேடம், நானும் என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டனுங்க. இந்த கேஜ் மட்டும் என் கையில தங்கவே மாட்டேங்குதுங்க.”

கருகிப்போன பிரஷர் கேஜைச் செத்த கோழிக்குஞ்சு மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார் அவினாசியப்பன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அங்கே பாய்லருக்குப் பொறுப்பு மெஹருன்னிசா. வயதில் அவினாசியப்பனுக்கு மகள் மாதிரி, தொழிலில் குரு. வேலை பார்த்த நூல் மில்லை இழுத்து மூடியதும், தலை நரைத்த பிறகு பாய்லர் வேலை கற்க வந்த மனுஷன் அவர்.

பாய்லருக்குள் ஆவி எவ்வளவு அழுத்தத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று வெளியே சொல்வது அந்த கேஜ் ஒன்றுதான். அதைத்தான் அவர் வரிசையாகக் காவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி காலையில்தான் கத்திவிட்டுப் போயிருந்தார். “இன்னொண்ணு போச்சுன்னா நீங்க வீட்லயே இருந்துக்கலாம்.”

“எப்படித்தானுங்க அதைக் காப்பாத்தறது?”

மெஹருன்னிசா புது கேஜை எடுத்துக் கொடுத்தார்.

“ஆவி அதை நேரா தொடக்கூடாதுண்ணா. நடுவுல ஒண்ணு நிக்கணும்.”

அதற்குள் சாயத்தொட்டிப் பக்கமிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார்.

எது நிக்கணும்? அதைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன? ஓடிப்போய்க் கேட்க அவினாசியப்பனுக்கு வெட்கம்.

கேஜை மாட்டினார். உற்றுப் பார்த்தார். பாய்லருக்கும் கேஜுக்கும் நடுவில் ஒரு வளையக் குழாய், ஒரு குட்டி வால்வு.

அடடே, இதுதானா!

வால்வை இறுக்கி மூடினார். வேணுங்கும்போது திறந்து பார்ப்போம், பார்த்ததும் மூடிடுவோம். கேஜின் முள் பூஜ்யத்தில் படுத்துத் தூங்கியது. மனசு குளிர்ந்துபோய் விறகைத் தள்ளினார்.

சாயத்தொட்டிக்காரர்கள் வேலை முடிந்து ஆவி எடுப்பதை நிறுத்தியது அவருக்குத் தெரியாது. போக வழியில்லாமல் பாய்லருக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது.

முள் தூங்கியது.

திடீரென்று கூரையே பிய்ந்து போகிற மாதிரி மிஞ்சிய ஆவியைக் கக்கிக்கொண்டு சேஃப்டி வால்வு அலறியது.

மெஹருன்னிசா ஓடி வந்தார். அடுப்புக்குக் காற்றடிக்கும் விசிறியை நிறுத்தினார், நெருப்பை அடக்கினார். அலறல் ஓய்ந்த பிறகுதான் கேஜைப் பார்த்தார். அப்புறம் அதன் கீழிருந்த குட்டி வால்வை.

“யா அல்லா! மூடியாண்ணா வெச்சிருக்கீங்க?”

“நடுவுல ஒண்ணு நிக்கணும்னீங்களே...”

“அதுக்குன்னு? சேஃப்டி வால்வு தூங்கியிருந்தா இந்நேரம் நீங்களும் இல்ல, நானும் இல்ல. யாருக்குக் காட்டறதுக்குண்ணா அந்த கேஜ்?”

அவினாசியப்பனுக்கு அழுகை முட்டியது.

“முதலாளி சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடறனுங்க மேடம்.”

மெஹருன்னிசா ஸ்பேனரை எடுத்து கேஜைக் கழற்றினார். வளையக் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“உள்ள இருந்த தண்ணி எங்க?”

“தண்ணிங்களா? கேஜ் மாத்தறப்பெல்லாம் குழாயையும் கழட்டி, கவுத்து, ஊதி, துணி விட்டுத் துடைச்சுத்தான் மாட்டுவனுங்க. மில்லுல சொட்டு ஈரம் பட்டாலே மெஷின் துரு ஏறிடுமுங்க.”

அவ்வளவு கோபத்திலும் மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு கை தண்ணீர் அள்ளினார். வளையக் குழாய்க்குள் வழிய வழிய ஊற்றினார். மேலே கேஜை மாட்டினார்.

“இப்பத் திறங்கண்ணா. மெதுவா.”

அவினாசியப்பன் கொஞ்சம் கொஞ்சமாக வால்வைத் திருகினார். முள் எழுந்தது, நிதானமாக ஏறியது, ஓரிடத்தில் நின்றது.

மெஹருன்னிசா அவர் கையை இழுத்து கேஜின் முதுகில் வைத்தார். பொசுங்கப்போகிறது என்று அவினாசியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

சுடவில்லை. காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

கையைக் கொஞ்சம் கீழே, குழாயின் அடிப்பக்கம் இறக்கினார். ஐயோ என்று உதறினார். நடுவில் ஒரு சாண் தூரம் கூட இல்லை. இந்தப் பக்கம் தோலை உரிக்கிற சூடு, அந்தப் பக்கம் வெறும் வெதுவெதுப்பு.

மயிர்க்கூச்செறிந்தது அவருக்கு.

“இந்த ஒரு கை தண்ணியா மேடம் அத்தனையும் தடுக்குது?”

“ஆமா.”

“அப்ப பாய்லருக்குள்ள நடக்கறது கேஜுக்கு எப்படிங்க தெரியும்?”

மெஹருன்னிசா விசிறியைப் போட்டார். விறகைக் காட்டினார். அவினாசியப்பன் ஒரு கட்டையை வைத்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அது மயிரிழை நகர்ந்தது.

“அட சாமீ! சூட்டை நிறுத்திட்டு அழுத்தத்தை மட்டும் விடுதுங்களே!”

வெளியே செருப்புச் சத்தம். அலறல் கேட்டு முதலாளிதான் வந்துகொண்டிருந்தார்.

“என்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு கேப்பாருங்களே. நான் என்ன மேடம் சொல்றது?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர் கையைப் பிடிச்சு இந்த கேஜ் மேல வைங்க.”