தோளில் இருந்த பலகை

"அக்கரையில ஒரு நாள் கூலி நம்ம காசுக்கு எண்ணூறு, தாயி. இங்க நானூத்தம்பது."

தேரி என்னும் செம்மணல் மேட்டில் ஏறி வந்த இரைப்பு அடங்கும் முன்பே இசக்கியப்பன் ஆரம்பித்துவிட்டார். வயது ஐம்பத்திரண்டு. கீழே உப்பளத்தில் அவரோடு சேர்த்து நாற்பது பேர். மற்றவர்கள் எல்லாம் அவர் பேச்சைக் கேட்டு நடப்பவர்கள்.

மேட்டு மடத்தின் குரு அரியநாச்சிக்கு வயது முப்பத்தாறு. தன்னைவிட மூத்தவர் என்பதால் சீடரான இசக்கியப்பனை அண்ணாச்சி என்பார். பேச்சில் கஞ்சர். கேட்டதற்கு மறுநாள் பதில் வந்தாலே பெரிய விஷயம்.

"அங்க காலுக்கு பூட்ஸ் குடுக்கான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. உச்சி வெயிலுக்குக் கொட்டகை. இங்க என் பொஞ்சாதி கால் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. அதே கடல், அதே உப்பு, அதே வெயில். அவனுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?"

குரு அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பௌர்ணமிக்குப் படகு. தரகன் நாப்பது குடும்பத்துக்கும் எடம் போட்டு வச்சிருக்கான். நான் சரின்னா எல்லாரும் ஏறிருவாங்க. வீடு, பிள்ளைக படிப்பு, செத்தவங்க குழி எல்லாத்தையும் விட்டுட்டு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"அந்தப் பலகையக் கீழ வைங்க, அண்ணாச்சி."

உப்பு வாரும் பலகை அது. ஆள் உயரக் கம்பு, அதன் முனையில் கனத்த மரப்பலகை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அளத்திலிருந்து நேரே வந்திருந்தார். பலகை இன்னும் தோளில்தான் இருந்தது.

"வைக்கப்படாது, தாயி. கணக்கப்பிள்ள 'போதும்'னு குரல் குடுக்கிற வரைக்கும் பலகையத் தரையில கெடத்தக்கூடாது. உப்பு லட்சுமி கோவிச்சுக்கிட்டுப் போயிருவா."

"தண்ணி குடிக்கயில?"

"தோள்ல வச்சுக்கிட்டேதான்."

"சோறு திங்கயில?"

"மடியில சாச்சுக்கிடுவோம்."

குரு எழுந்தார்.

"அக்கரைக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க. கூலியக் கேக்க வேண்டாம், அதான் தெரியுமே. அவங்க பலகைய எங்க வைக்காங்கன்னு மட்டும் பாருங்க."

இதற்கா இத்தனை மேடு ஏறினோம் என்று அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அளத்துக்குத் திரும்பாமல் அப்படியே போனார். தரகன் ஓசியிலேயே கூட்டிப் போனான். நாற்பது குடும்பத்துக்குத் தரகு வரும்போது ஒரு ஆள் ஓசியில் போனால் அவனுக்கு என்ன.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார்.

"பத்தரைக்கு எல்லாரும் பலகைய வரப்புல போட்டுர்றாங்க, தாயி. மறுபடி மூணு மணிக்குத்தான் எடுக்காங்க."

"யார் சொல்லி?"

"மொதலாளியக் கேட்டேன். எனக்கு எளகின மனசுன்னான். ஆபீசரக் கேட்டேன். சட்டம்னாரு. வரப்புல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டிருந்த கிழவி ஒருத்தியக் கேட்டேன். அவ சிரிச்சா."

"சிரிச்சுட்டு?"

"'எங்களுக்கும் ஒரு காலத்துல உங்க கூலிதான். லட்சுமி கோவிச்சுக்குவான்னு நாங்களும் தோள்லயேதான் சொமந்தோம். ஒருநா எல்லாருமாச் சேந்து வரப்புல எறக்கி வச்சோம். பதினோரு நாள் ஒருத்தரும் எடுக்கல. அது ஆச்சு இருவது வருசம். எங்க லட்சுமி வரப்புல நல்லாத் தூங்குறா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல.' இப்படிச் சொன்னா, தாயி."

சொல்லி முடித்த இசக்கியப்பன் எதையோ நினைத்துக்கொண்டவராகத் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

பலகை அங்கே இருந்தது.

கணக்கப்பிள்ளை இன்னும் 'போதும்' சொல்லவில்லை அல்லவா. கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தும் மனிதர் அதை இறக்கவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பலகையை இறக்கி மடத்து வாசல் மணலில் கிடத்தினார். பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வானமும் இடியவில்லை, பூமியும் பிளக்கவில்லை.

வெறுங்கையோடு மேட்டை விட்டு இறங்கினார். கிழவி சொன்னதை அன்றிரவே வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

மறுநாள் பத்தரை மணிக்கு அளத்தில் முப்பத்தொன்பது பலகைகள் வரப்பில் இறங்கின. நாற்பதாவது மடத்து வாசலில் கிடந்தது.

கணக்கப்பிள்ளை கத்தினார். சாமி குத்தம் என்றார். கடைசியில் கெஞ்சினார். அக்கரையில் உள்ளதெல்லாம் இங்கேயும் வேண்டும் என்றார்களே தவிர, ஒருவரும் எடுக்கவில்லை.

ஆறாம் நாள் தென்கிழக்கே வானம் கறுத்தது. பாத்திகளில் மூன்று மாத உப்பு விளைந்து கிடந்தது. ஒரு நல்ல மழை போதும், அத்தனையும் வந்த வழியே கடலுக்குப் போய்விடும்.

உப்பள முதலாளி குணசீலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடேறி வந்தார்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா அவங்க கேப்பாங்க, அம்மா."

"அந்தப் பலகையத் தோள்ல வச்சுக்கிட்டுப் பேசுங்க, மொதலாளி."

அவருக்குப் புரியவில்லை. இருந்த அவசரத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அக்கரை பணக்கார நாடு. நம்ம நாடு அப்படியா? அங்க உப்புக்கு நல்ல வெல."

வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினார்.

"அங்க அரிசி வெலயும் கூட. எண்ணூறு வாங்கினாலும் கையில நிக்காது."

மறுபடி வலது தோள்.

"நம்ம ஆளுகளுக்கு இதெல்லாம் பழக்கம், அம்மா. வெயிலும் பழக்கம், கனமும்..."

பலகையை இறக்கி மணலில் போட்டார். தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"கீழ வச்சுட்டீங்களே, மொதலாளி," என்றார் குரு. "லட்சுமி கோவிச்சுக்க மாட்டாளா?"

குணசீலன் பலகையைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். ஏறி வந்ததைவிட வேகமாகவே இறங்கினார்.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று மாத உப்பும் அம்பாரமாகிக் கீற்றால் மூடப்பட்டுவிட்டது. முதல் துளி விழுந்தபோது பாத்திகள் காலி.

குணசீலன் ஒத்துக்கொண்ட கூலி எண்ணூறு. பூட்ஸும் கண்ணாடியும் அடுத்த வாரம் வரும். கொட்டகைக்குக் கால் ஊன்ற மறுநாளே ஆள் வந்தது. பத்தரையிலிருந்து மூன்று வரை பலகை வரப்பில். இசக்கியப்பனின் மனைவி வெடித்த காலோடு மழையில் நின்று குலவை போட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேட்டு மடம் வரை கேட்டது.

பௌர்ணமியன்று படகு வந்தது. தரகன் கரையில் குதித்தான்.

"எத்தன பேரு ஏறுதீங்க?"

"ஒருத்தரும் இல்ல," என்றார் இசக்கியப்பன்.

தரகனின் முகம் தொங்கிப் போயிற்று.

"ஒரு சேதி மட்டும் கொண்டு போ. அக்கரை அளத்துல வெத்தல போட்டுக்கிட்டு ஒரு கிழவி இருப்பா."

"என்ன சேதி?"

இசக்கியப்பன் காலியாயிருந்த இரண்டு தோள்களையும் ஒருமுறை குலுக்கிக்கொண்டார்.

"எங்க லட்சுமியும் வரப்புல நல்லாத் தூங்குறா."