ஃப்ளைவீலா, ஃப்ளெக்ஸ்பிளேட்டா?

தூத்துக்குடியில் மச்சாது முதலாளிக்கு ஒரு பந்தயப் படகு இருந்தது. அதன் இன்ஜினில் எதைப் போடுவது என்று அவருக்கு ஒரே குழப்பம். கனமான ஃப்ளைவீல் சக்கரம் போட்டால் படகு நிற்கையில் இன்ஜின் உதறாது என்றான் ஒருவன். மெல்லிய ஃப்ளெக்ஸ்பிளேட் தகடு போட்டால் சட்டென்று சீறும் என்றான் இன்னொருவன். காலையில் அது, மாலையில் இது. கடைசியில் இரண்டையும் வாங்கிவந்து மெக்கானிக் சந்தியாகு முன்னால் போட்டார்.

"உள்ள கெடக்கிற பழசு உதவாது, கழட்டிப் போடுலே. எனக்கு ரெண்டு குணமும் வேணும். நாளைக்கு வெள்ளோட்டம். சரியா வரலேன்னா வேற பட்டறை பாத்துக்கோ."

"ரெண்டு மாட்ட இடமில்லையே, முதலாளி?"

"அது உன் பாடு."

மறுநாள் கரை முழுக்கக் கூட்டம். வெள்ளோட்டத்தில் முதலாளிதான் முதலில் ஏறுவது வழக்கம். சந்தியாகு இருக்கையில் ஒரு சாக்கு மூட்டையை வைத்து அவரை உட்கார வைத்தான்.

"என்னலே, குத்துது?"

"பந்தயப் படகு அப்படித்தான், முதலாளி."

சந்தியாகு படகை ஒரு சுற்று ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்தான். முதலாளி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"பாத்தீங்களா! நிக்கையில என்ன அமைதி, கிளம்புனா என்ன சீற்றம்! அந்தப் பழசுல இப்படி ஓடுமா? ரெண்டையும் எப்படிலே மாட்டுன?"

"மாட்டலையே, முதலாளி."

"அப்ப ரெண்டும் எங்கலே?"

"அது மேலதான் உக்காந்திருக்கீங்க."

முதலாளி எழுந்து சாக்கைப் பிரித்தார். புதுசு இரண்டும் பளபளவென்று கிடந்தன.

"அப்ப இன்ஜின்ல என்னலே ஓடுது?"

"நீங்க கழட்டச் சொன்ன பழசு."

கரையே சிரித்தது. முதலாளி சாக்கை அவசரமாக மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். குத்துகிறது என்று இந்தத் தடவை சொல்லவில்லை.