போகிற பாலம்

மந்தமங்கலத்துக்காரர்களுக்கு அரசாங்க எழுத்து என்றால் உயிர். புள்ளி, கொம்பு எதையும் மீற மாட்டார்கள். அந்த ஊர்த் தலைவர் சடையப்பன் மூன்று வருஷம் அலுவலகப் படியேறி இறங்கி, ஊர் ஓடைக்கு ஒரு பாலம் வாங்கிவந்தார். மழை பெய்தால் ஓடையில் கழுத்தளவு தண்ணீர். சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் அக்கரையில்.

திறப்பு விழா அன்று ஊரே அவர் பின்னால் நடந்து அக்கரை போய்ச் சேர்ந்தது. சடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "சரி, வீட்டுக்குப் போவோம்" என்று திரும்பினார்.

"நில்லுங்க தலைவரே!" ஊராட்சி எழுத்தர் உமாபதி அரசாணையைப் பிரித்தார். "'ஊரிலிருந்து அக்கரை செல்லப் பாலம்'னுதான் இருக்கு. வர்றதுக்குன்னு ஒரு வார்த்தை இல்ல."

"அதனால என்ன?"

"கீழ பாருங்க. 'ஒதுக்கிய நிதியை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.' இதுல திரும்பி வந்தா நிதி முறைகேடு!"

சடையப்பனுக்குக் குப்பென்று வியர்த்தது. ஒரு வெற்றிலைகூட இனாமாக வாங்காத மனிதர். இந்த வயதில் ஜெயிலா?

"அடுப்புல உலை வச்சிட்டு வந்திருக்கேனே!" என்று அலறினாள் வெள்ளத்தாய். "நான் தண்ணியில இறங்கியே போயிடறேன்."

"வேணாம் தாயி!" என்று தடுத்தார் உமாபதி. "பாலம் கட்டியும் தண்ணியில இறங்குறாங்கன்னா, திட்டம் தோல்வின்னு எழுதிருவாங்க."

அங்கேயே கூட்டம் போட்டார்கள். வருவதற்குத் தனிப் பாலம் கேட்பது, அடுத்த பட்ஜெட் வரும்வரை அக்கரையிலேயே குடியிருப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

விழாவுக்குத் தாமதமாக வந்த அதிகாரி விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், அந்தப் பக்கம் பார்த்து நடந்தா போறது. இந்தப் பக்கம் பார்த்து நடந்தா வர்றது. பாலம் ஒண்ணுதான்யா!"

சடையப்பன் முகம் மலர்ந்தது. "அப்ப, அக்கரையையே பார்த்துக்கிட்டு நடந்தா, எங்க போனாலும் அது போறதுதானே?"

அதிகாரி பதில் சொல்வதற்குள் ஊரே அக்கரையைப் பார்த்தபடி பாலத்தில் பின்பக்கமாக நடந்தது. ஏழு பேர் ஓடையில் விழுந்தார்கள். மற்றவர்கள் நேர்மையாக வீடு சேர்ந்தார்கள்.

மறுநாள் அதிகாரியின் மேசையில் சடையப்பனின் மனு இருந்தது:

"ஐயா, பாலம் அருமை. பின்பக்கமாக நடக்கும்போது வழி தெரியாததால், ஆளுக்கொரு முகக்கண்ணாடி வாங்க நிதி ஒதுக்க வேண்டுகிறோம். கண்ணாடியில் ஊரைப் பார்த்துவிட்டால் அது வருவதாகிவிடும். ஆகையால், கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் கண்ணாடியைப் பயன்படுத்துவோம் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறோம்."